ஓர்க்குக்கு மந்திரம் ஒத்துவராது என்கிறான் ஜீவன்

யோங் பெங்
திங்கள், பள்ளி விடுமுறை

இல்லை ஷரோன், எனக்கில்லை. இணையத்தில் நீ நடத்தும் சனிக்கிழமைக் கதையாட்டத்தில் ஓர் இடம் கிடைக்குமா என்று போன வாரம் நான் கேட்டது எனக்காக இல்லை. "அலமாக், அம்மா, நீயா விளையாடப் போறே? அப்ப எல்ஃப் எடு, விசர்ட் எடு, அதுதான் ஈசி" என்று உடனே பதில் அனுப்பினாய், கூடவே ஒரு வரிசை சிரிக்கும் முகங்கள். நீ அவ்வளவு சந்தோஷப்பட்டதால் அப்போது திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன். அதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். கடைவாய்ப் பல் வலி போனதா. வெலிங்டன் காற்று உன் ஜன்னல் இடுக்கில் ஊளையிடுகிறது என்றாயே, அதைத் துணி வைத்தாவது அடைத்தாயா. சோறு உண்டா, இல்லை மறுபடியும் ரொட்டிதானா. நாங்கள் ஆண்டவர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மழை விடவில்லை. போன வாரம் ஆற்றுத் தண்ணீர் பின்சந்து வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. சலவை இயந்திரத்தை அப்பா செங்கல் மேல் ஏற்றி வைத்தார், இன்னும் இறக்கவில்லை, அது சுழலும்போது வீடே நடுங்குகிறது. எனக்கு இரண்டு வாரம் விடுமுறை. விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரிவதில்லை.

போனில் சொல்லாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வீட்டில் போனில் பேசினால் கூடத்தில் இருப்பவருக்குக் கேட்கும். கூடத்தில் எப்போதும் அப்பா இருக்கிறார். ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு வேறு இடம் இல்லை. உன் அழைப்பு வந்தால் எழுந்து மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போவார், உனக்கே தெரியும், நீ போனதிலிருந்து அப்படித்தான். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் அத்தை மகன் ஜீவன் ஓடு செய்யும் தொழிற்சாலையில் வேலைக்காக நம் முன்னறைக்குக் குடிவந்த பிறகு, சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து உங்களோடு விளையாட உட்காருகிறான். காதில் மாட்டும் கருவி கெட்டுப்போய்விட்டது, சத்தத்தைத் திறந்தே வைத்திருக்கிறான். ஆட்டத்தை நடத்துகிறவள் நீ. கிழவி குரலில் பேசுகிறாய், காவற்காரன் குரலில் அதட்டுகிறாய், நடுவில் உன் சொந்தக் குரலில் சிரிக்கிறாய். அந்த மூன்று மணி நேரமும் அப்பா மோட்டார் சைக்கிள் பக்கம் போவதில்லை. முதலில் பத்திரிகை படித்தார். பிறகு சுவர் மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டார். அதே விசிறியை அடுத்த வாரமும் கழற்றினார். பிறகு எதையும் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒருநாள் உங்கள் கூட்டம் ஒரு குகைக் கதவைத் திறக்கப் போனபோது "ஏண்டா டேய், உள்ள மூச்சு சத்தம் கேக்குதுன்னு அவதான் சொல்றாளே, தெறக்காதீங்கடா" என்று பின்னாலிருந்து சொல்லிவிட்டார். நீ அங்கே கதையை நிறுத்தினாய். யார் அது என்றாய். ஜீவன் டிவி என்று சொன்னான். ஞாபகம் இருக்கலாம்.

அது அப்பா.

அதற்குப் பிறகுதான் ஜீவனிடம் விசாரிக்க ஆரம்பித்தார். எப்படிச் சேர்வது, சீட்டாட்டம் போலவா, தோற்றால் என்ன ஆகும். ஜீவன் பொறுமையாகச் சொன்னான். முதலில் ஒரு வம்சம் எடுக்க வேண்டும், எல்ஃப், குள்ளர், நோம், ஓர்க் என்று. பிறகு தொழில், வாள் வீசுகிறவனா, மந்திரம் போடுகிறவனா, வேண்டிக்கொண்டு வரம் வாங்குகிறவனா. வம்சமும் தொழிலும் பொருந்தினால் ஆள் பலமாக இருப்பான். அப்பாவுக்கு மந்திரக்காரன்தான் வேண்டுமாம், வாள் வேண்டாமாம். ஜீவன் ஒரு வெற்றுத் தாளை அச்செடுத்துக் கொடுத்தான், அப்பா கண்ணாடி போட்டு நிரப்பிக் கொண்டுவந்தார். வம்சம் என்ற இடத்தில், ஆங்கிலத்தில் ரேஸ் என்றுதான் அச்சாகியிருந்தது, இந்தியர் என்று எழுதியிருந்தார். மதத்துக்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் தானே ஒன்று வரைந்து கத்தோலிக்கர் என்று எழுதியிருந்தார். அடையாள அட்டையின் ஐசி எண்ணும் இருந்தது. ஜீவன் மேசையில் தலையைப் போட்டுச் சிரித்தான். "மாமா, இது அரசாங்க ஃபாரம் இல்ல மாமா" என்றான். அப்பாவுக்கு ரோஷம். "எந்த ஃபாரத்துலடா அதை மொதல்ல கேக்காம இருக்கான், எனக்கென்ன தெரியும்" என்றார். நானும் சிரித்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் அந்தக் கட்டத்தை நிரப்பிய கை. வேறு எதையும் எழுதலாம் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த தாளில் ஜீவனே எல்ஃப் போட்டுக் கொடுத்தான், நீ எனக்குச் சொன்ன அதே ஜோடி. எல்ஃபுக்கு அறிவுப் புள்ளி பிறவியிலேயே கூட வரும், விசர்டுக்கு, அதாவது மந்திரக்காரனுக்கு, அறிவுதான் முதல், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றான். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொறக்கும்போதே வெவரமா பொறந்தவன் மந்திரம் படிச்சா அதுல என்னடா இருக்கு" என்று கேட்டார். ஓர்க் படத்தைக் காட்டி இவன் யார் என்றார். ஜீவன் சொன்னான், அது மூட்டை தூக்குகிற வம்சம், உடல் பலம் கூட வரும், அறிவுக்கு ஒன்றும் வராது. அப்பா இவனைப் போடு என்றார். "ஓர்க்குக்கு மந்திரம் ஒத்து வராது லா மாமா, வேஸ்ட்டு, எல்லாரும் சிரிப்பாங்க. ஓர்க்தான் வேணும்னா அடிக்கற ஆளா போட்டுக்கலாம்." "அப்ப ஓர்க் வீட்டுப் புள்ள படிக்கக் கூடாதாடா?" என்றார் அப்பா.

நான் அப்போது அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு வந்து கூடத்து வாசலில் நின்றேன். நீங்களா கேட்கிறீர்கள் என்றேன். கணக்குப் படிப்பை முடித்து, சிங்கப்பூர் வேலைக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, வெலிங்டனில் படம் வரையப் படிக்கப் போகிறேன் என்று நீ நின்றாயே, அன்று இதே கூடத்தில் அவர் சொன்னது நம் மூவருக்கும் மனப்பாடம். நம்ம குடும்பத்துல யாரு படம் வரைஞ்சு சாப்பிட்டா, நமக்கு அதெல்லாம் ஒத்து வராது. ஜீவனுக்கு அது தெரியாது, அவன் பேந்தப் பேந்த விழித்தான். அப்பா எழுந்து மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போனார். ஏற்கெனவே துடைத்திருந்தது. உன் அப்பா, பண்டார் தெங்காராத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றியவரின் மகன், பேனா பிடிக்கிற வேலைக்குப் போகிறேன் என்றபோது அவரிடமும் யாராவது அப்படிச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. அது அவர் சொன்னதற்குச் சமாதானம் ஆகாது, நீ அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு நாள் போயிற்று. பிறகு தாளை என்னிடம் கொண்டுவந்தார். ஓர்க், விசர்ட். உடல்நலத்துக்குத்தான் அதிகப் புள்ளி போட்டிருந்தார், உடம்பு நன்றாக இருந்தால் மற்றது தானாக வரும் என்று. ஜீவன் கெஞ்சி அறிவுக்கு மாற்ற வைத்தான். நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன தெரியும். நீங்கள் ஆடும் விதிப்படி எல்ஃபுக்கும் ஓர்க்குக்கும் மந்திரத்தில் உள்ள வித்தியாசம் பகடையில் ஒரே ஒரு புள்ளி. பகடைக்கு இருபது பக்கம். அப்படியானால் இருபதில் ஒரு முறை எல்ஃபுக்குப் பலிப்பது ஓர்க்குக்குப் பலிக்காது. மற்றப் பத்தொன்பது முறையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இதைப் போட்டு முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அந்த ஒரு முறைக்காகவா ஒத்து வராது என்ற வார்த்தை. வகுப்பிலும் சொல்கிறோம், கல்யாணத்திலும் சொல்கிறோம், விமான நிலையத்துக்குப் புறப்படுகிற பெண்ணிடமும் சொல்கிறோம். பேனாவை வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போனேன். மழை. துணி நனைந்துதான் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா கேட்டது இது. "உன் பேர்ல அனுப்பு. நீ ஆடறேன்னு சொல்லு. நான் பக்கத்துல உக்காந்து மெதுவா சொல்றேன், நீ வாயால சொன்னா போதும்." அதற்கு ஒத்துக்கொண்டுதான் நான் உனக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். நீ சந்தோஷப்பட்டாய். அதுதான் என்னை உட்கார விடவில்லை. வாராவாரம் நான் ஓர்க்காக நடித்து, நீ என்னிடம் பேசுவதாக நினைத்து அவரிடம் பேசி, அவர் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து உன்னிடம் பதில் பேசி. இரண்டு பேருக்கும் வசதி. என்னால் முடியாது. உன்னை ஏமாற்றி உன் மேசையில் ஒருவரை உட்கார வைக்க மாட்டேன், அவர் உன் அப்பாவாக இருந்தாலும். அவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப விடு" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை.

விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். முந்தாநாள் குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றேன். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நிறுத்தி நிறுத்தி, ஒரே வரியை. "நான் ரொம்ப தூரத்துலேர்ந்து வரேன். மந்திரம் கொஞ்சம்தான் தெரியும். இங்க உக்கார எடம் இருக்கா?" உங்கள் ஆட்டத்தில் புது ஆள் சத்திரத்துக்குள் நுழைந்து தன்னை அறிமுகம் செய்ய வேண்டுமாமே. மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒருமுறை தடித்த குரலில். ஒருமுறை வேகமாக. கடைசியாகத் தன் குரலிலேயே. நான் துண்டைக் கதவுப் பிடியில் தொங்கவிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இடம் கொடு என்று நான் சொல்லவில்லை மா. நீ பட்டது எனக்குத் தெரியும். முதல் வருடம் நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா எங்கே என்று கேட்டாய், இரண்டாம் வருடம் கேட்பதை விட்டாய், அதையும் நான் கவனித்தேன். கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. யாருக்குக் கொடுக்கிறாய் என்று தெரிந்து கொடு, அல்லது தெரிந்து மறு. அவ்வளவுதான் எனக்கு வேண்டும். மறுத்தால் என் பொருட்டு இனிமையாக மறுக்க வேண்டியதில்லை. கொடுத்தால் சலுகை காட்டாதே. பகடை எப்படி விழுகிறதோ அப்படி. அந்த ஓர்க் சாக வேண்டியிருந்தால் சாகட்டும், அவர் இன்னொரு தாள் நிரப்புவார். உன் கதையில் அடுத்த ஊர் வரும்வரை புது ஆள் சேர முடியாது என்று ஜீவன் சொன்னான், அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

மற்றபடி எழுத அதிகம் இல்லை. பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா உனக்குக் கருவாடு அனுப்பலாமா என்று கேட்கிறார், உங்கள் ஊரில் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லியும் நம்பவில்லை. பல் மருத்துவரைத் தள்ளிப்போடாதே. ராத்திரி சூடேற்றியை அணைத்துவிட்டுப் படு. கோயிலுக்குப் போகிறாயா என்று கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், கேட்கவில்லை. நீ கடைசியாக அனுப்பிய படம், மழையில் நிற்கும் அந்தப் பேருந்து, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் ஒட்டவில்லை.

நீ எடுத்த வேலை உன்னைக் காக்கட்டும். உன் கை ஓயாதிருக்கட்டும், மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும். கடிதம் கிடைத்ததும், அடுத்து வரும் சனிக்கிழமைக்கு முன், எனக்கு மட்டும் ஒரு வரி போடு, எந்தப் பதிலானாலும்.

உன் அம்மா,
பிரேமலா பிரெட்ரிக்

கவரின் பின்பக்கம் எழுதுகிறேன், உள்ளே இடமில்லை. ஒட்டாமல் அப்பாவிடம் கொடுத்து, படியுங்கள், படித்த பிறகு போட மனமிருந்தால் நீங்களே போஸ்ட் ஆபீசில் போடுங்கள் என்று சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வந்திருந்தால் போட்டது அவர்தான். நான் கொடுத்துவிட்டு, நனைந்த துணியைப் பிழிந்து உள்ளே கொடியில் காயப் போடப் போகிறேன்.