பதினோரு நிமிடத்தில் ஆறு வரி

என் அருமைப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்பும் மனசுமாக நன்றாக இருக்க வேண்டும். இங்கே நான், அப்பா, நீ அனுப்பிய சுண்டுவிரல் அளவு ரெக்கார்டர், மூன்று பேரும் சௌக்கியம். எங்களில் வேளாவேளைக்குச் சார்ஜ் ஏறுவது அதற்கு மட்டும்தான். இதைக் கையால் எழுதிப் படம் பிடித்து உன் ஃபோனுக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்யப்போகிறேன் என்றாயே, அதற்கு முன்னால் இதைக் கடைசிவரை படித்துவிடு. அப்பா அனுப்பிய அந்த மெயிலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் நான் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியாததா.

முதலில் அந்த ரெக்கார்டரின் லட்சணத்தைக் கேள். தோள்பட்டை பிடித்துக்கொண்டு அப்பாவால் எழுத முடியவில்லையே, கட்டடத்தைச் சோதிக்கும்போதே பேசிப் பதிந்துகொண்டால் அறிக்கையைக் கம்ப்யூட்டரே அடித்துத் தந்துவிடும் என்று நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாய். முதல் நாள் ஒரு பழைய சினிமா தியேட்டருக்குப் போய், கீழறையிலிருந்து கூரை வரை மூன்று மணி நேரம் தொண்டை வறளப் பேசிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் ஒரு வார்த்தைகூடப் பதியவில்லை. பக்கவாட்டில் ஒரு பூட்டுப் பொத்தான் இருக்கிறதாம், அது பூட்டியே இருந்திருக்கிறது. மறுநாள் ஜாக்கிரதையாக அதைத் திறந்தவர் மெஷினை அணைக்க மறந்துவிட்டார். படிக்கட்டு விரிசல் அறிக்கைக்கு நடுவில் ‘ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை வேணாம்’ என்று அடித்து, அது அப்படியே கட்டடச் சொந்தக்காரருக்குப் போய்விட்டது. அவர் ஃபோன் பண்ணி, இது மேல்மாடிப் படிக்கட்டுக்கா கீழ்ப்படிக்கட்டுக்கா என்று ரொம்ப மரியாதையாக விசாரித்தார். அப்பா என்னடாவென்றால் மெஷினுக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டி, இப்போது ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார். ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரைப் பற்றி அவர் கத்தியதைக் கேட்டு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, அந்தச் சுவர் இடிந்துவிடுமா, என் பையன் அங்கேதானே படிக்கிறான் என்று முகம் வெளுத்துக் கேட்டார். அவரை உட்காரவைத்து, அது பின்பக்கத்துச் சைக்கிள் கொட்டகைச் சுவர்தான் என்று சமாதானம் சொல்லி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டிலேயே ஒரு சுருக்கெழுத்துக்காரி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நீ கேட்கலாம். ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் உன் அப்பா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். நான் ரிட்டயர் ஆன அன்றைக்கே, இனிமேல் உங்கள் டிக்டேஷனை எடுக்க என்னால் ஆகாது, என் கைக்கும் ரிட்டயர்மென்ட் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அந்த வீம்பு இப்போது எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பார். ஆபீஸில் அவர் கோபமாக, அந்த மடையனுக்குச் செங்கல் அடுக்கவே தெரியாது என்று எழுது என்பார். நான் ‘பணியின் தரம் திருப்திகரமாக இல்லை’ என்று எழுதி நீட்டுவேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்துவிட்டு, இதைத்தானே சொன்னேன் என்று கையெழுத்துப் போடுவார். அவர் வாய் சொல்வது ஒன்று, காகிதத்தில் வர வேண்டியது ஒன்று. உன் மெஷினுக்கு அந்தச் சூட்சுமம் தெரியவில்லை, அது வாய் சொன்னதையே அடித்து உனக்கு அனுப்பிவிட்டது.

நீ ஃபோனில் அந்த மெயிலைப் படித்துக் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘இந்த லீவுக்கு நீ வர வேண்டாம். ஆபீஸில் உனக்கு வேலை இருக்கும். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. தோள் சரியாகிவிட்டது. உன் அறையில் என் கோப்புகளை அடுக்கியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.’ சரிம்மா, அப்பா இஷ்டம் என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். உன் குரல் போன போக்கு எனக்குத் தெரியாதா?

நேற்று அவர் தோளுக்கு உடற்பயிற்சி செய்யப் போயிருந்தபோது ரெக்கார்டரை எடுத்து உட்கார்ந்தேன். பேச்சில்லாத இடங்களைத் தாண்டிக்கொண்டு போகிற ஏற்பாடு ஒன்று அதில் இருக்கிறது. அதோடு வந்த புத்தகத்தைப் பார்த்து அதை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து கேட்டேன். அந்த ஆறு வரிக்குப் பதினோரு நிமிடம் ஆகியிருக்கிறது. நாலு பக்க அறிக்கையைப் பத்து நிமிடத்தில் மூச்சுவிடாமல் சொல்கிற ஆள்! ‘வர வேண்டாம்’ என்ற பிறகு ஒன்றரை நிமிடத்துக்குப் பேச்சே இல்லை. பிறகு ஜன்னல் கொக்கி கிறீச்சிடுகிற சத்தம். அந்தக் கொக்கி உன் அறையைத் தவிர வேறெங்கும் இல்லை. கையைத் தூக்கியிருப்பார் போல, ‘ஸ்ஸ், அப்பா’ என்று ஒரு முனகல். அதற்கு அடுத்த வரிதான் தோள் சரியாகிவிட்டது! கடைசி வரிக்கு முன்னால் மூக்கைச் சிந்துகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன் அறையில் ஒரு கோப்பும் இல்லை. தினமும் அவரே ஜன்னலைத் திறந்து, இடது கையால் உன் மேஜையைத் துடைத்துவைக்கிறார். தோள் சரியாகவும் இல்லை, சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அதை நீ பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. போன மாதம், லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு என்று பேச்சுவாக்கில் சொன்னாயே, அதையும் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறார். உன்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்கிறாராம்.

இன்று காலையில் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். “சொல்லுங்க, எழுதறேன்” என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் அதே பாட்டு, வர வேண்டாம், வேலை இருக்கும், குறையில்லை. நானும் தலையை நிமிர்த்தாமல் எழுதினேன். எழுதி முடித்து அவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மூன்றாம் தடவையும் படித்தார்.

“இதைத்தானே சொன்னேன்” என்றார்.

அந்தக் காகிதத்தையும் படம் பிடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அப்பாவுக்குக் கழுத்து மூடின சட்டைகளாக வாங்கி வராதே, பெரிய பொத்தான் வைத்ததாக இரண்டு வாங்கி வா. எல்லா நலமும் பெற்று நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா

(அப்பாவின் காகிதம்)

எப்போது வருகிறாய்? எனக்குத் தோள் இன்னும் சரியாகவில்லை. உன் அறை தயாராக இருக்கிறது.

கீழே கோணலாக இருப்பது அப்பாவின் கையெழுத்துதான், இடது கையால் போட்டார்.