நான் கடையை மறந்த நாலு நாள்

அன்பு மகள் வாலுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சித்தப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அம்மா போனைப் பிடித்தால் என் முறை வருவதற்குள் நீ வேலைக்குக் கிளம்பிவிடுகிறாய். அதுவும் இந்த விஷயத்தில் அவள் சொல்வது அவள் பக்கத்துக் கதையாகத்தான் இருக்கும், அதனால் நான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

நீ எங்களுக்கு ரயில் டிக்கெட் எடுத்து, ஓட்டல் அறையும் போட்டு, அந்தப் பெரிய ஊரில் எங்கெங்கே போக வேண்டும் என்று பட்டியலும் அனுப்பினாயே, அன்றைக்கே உன் அம்மா பந்தயம் கட்டிவிட்டாள். நீ வெளிநாடு போய் ஆறு வருஷம், ஒவ்வொரு வருஷமும் உன்னைப் பார்க்க வரவேண்டும் என்று அவள் பெட்டியைத் தூசி தட்டுவதும், சீசன் முடியட்டும் என்று நான் சொல்வதும், திரைச்சீலைக்கு எந்த மாசம்தான் சீசன் இல்லை என்று அவள் கேட்பதும் நீ அறிந்ததுதான். இந்தத் தடவை அவள் சொன்னது, ‘நாலு நாள். நாலே நாள் கடைக்குப் போன் பண்ணாம, யார்கிட்டயும் வியாபாரம் பண்ணாம இருந்து காட்டுங்க. இருந்துட்டீங்கன்னா பிள்ளையைப் பார்க்கக் கிளம்பறோம். முடியலைன்னா இனிமே நான் பெட்டியைத் தொடமாட்டேன், நீங்க உங்க கடையையே கட்டிக்கிட்டு அழுங்க’ என்று. எனக்கு ரோஷம் வந்துவிட்டது, சரி என்று சொல்லிவிட்டேன். வண்டி நகரும்போதே, வழியனுப்ப வந்த சித்தப்பாவிடம் நீலச் சரக்கை வெயில் படாமல் வைக்கச் சொல்ல வாயெடுத்தேன், பக்கத்தில் ஒரு இருமல் கேட்டது, வாயை மூடிக்கொண்டேன்.

முப்பது வருஷமாக அந்த ஊருக்குப் போய்வருகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டேஷனும், மொத்தச் சரக்குத் தெருவும், அங்கே நின்றபடியே குடிக்கிற காப்பியும்தான். ஊருக்கு நடுவே இவ்வளவு அகலமாக ஒரு ஆறு ஓடுகிறது என்பதே இப்போதுதான் தெரியும் என்றால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். முதல் நாள் படகில் போனோம். அதன்பிறகு நீ சொன்ன அந்தக் கோபுரத்தின் உச்சி, தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், கீழே கார்கள் பொத்தான் மாதிரி ஓடுகின்றன. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். உன் அம்மா கண்ணாடி மேல் நடுவில் போய் நின்று, ‘வாங்க, இது உங்க கடை மாடிப்படியைவிட உறுதியாத்தான் இருக்கு’ என்று கூப்பிடுகிறாள், சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். மத்தியானம் நீ குறித்திருந்த பெரிய சாப்பாட்டுக்கடை. தட்டு வண்டிச்சக்கரம் அளவு, அதன் நடுவில் மூக்குப்பொடி அளவு ஏதோ ஒன்று, ஆனால் வாயில் வைத்ததும் உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள், அதனால் நானும் குறை சொல்லவில்லை. வெளியே வந்து ஆற்றங்கரையில் கரியில் சுட்ட மீன் ஆளுக்கு இரண்டு சாப்பிட்ட பிறகுதான் வயிறு எங்களை நம்பியது.

இரண்டாம் நாள் ஓவியக் கூடம். எனக்கு இதெல்லாம் ஏறாது என்று உனக்குத் தெரியும், ஒரு சுற்று சுற்றிவிட்டு எங்கேயாவது உட்காரலாம் என்றுதான் நுழைந்தேன். ஒரு படம், வயதான ஒரு அம்மாள் நாற்காலியில் இருக்கிறாள், பின்னால் பச்சை வெல்வெட் திரை. வெல்வெட்டைக் கீழ்நோக்கித் தடவினால் ஒரு நிறம், மேல்நோக்கித் தடவினால் வேறு நிறம், இல்லையா? அந்த அம்மாளின் முழங்கை பட்டுப் பட்டு ஒரு இடத்தில் நசுங்கி வெளுத்திருக்கிறதை அந்த மனிதர் வரைந்திருக்கிறார். நசுங்கின இடத்துக்குச் சுற்றிலும் நிறம் எப்படித் திரும்ப வேண்டுமோ அப்படியே திரும்புகிறது. அவர் செத்து இருநூறு வருஷம் ஆகிறதாம், ஆனால் துணி தெரிந்த ஆள் என்று நான் சத்தியம் செய்வேன். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். காவலுக்கு இருந்த பெண் முதலில் நான் தொட்டுவிடுவேனோ என்று பக்கத்தில் வந்து நின்றாள், பிறகு அவளே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். மற்ற அறைகளெல்லாம் பார்த்துவிட்டு வந்த உன் அம்மா, ‘இது வியாபாரத்துல சேருமா சேராதா?’ என்றாள். நான் படம் பார்க்கிறேன் என்றேன். உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். பந்தயம் அப்போதும் உயிரோடுதான் இருந்தது.

மூன்றாம் நாள்தான் வினை. சாயங்கால நாடகம், நீ எடுத்துக் கொடுத்த முன்வரிசை. வீட்டுக்காரரும் வாடகைக்கு இருக்கிறவரும் ஒரே சமையலறைக்குச் சண்டை போடுகிற கதை, வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆனால் திரை! ஒவ்வொரு காட்சி முடிவிலும் இரண்டு பாதியும் நடுவில் வந்து முட்டிப் பின்வாங்கி நிற்கிறது, ஒரு முழம் இடைவெளி, அந்த வழியாக நாற்காலி மாற்றுகிறவர்கள் தெரிகிறார்கள், கதையில் செத்துப்போன தாத்தா எழுந்து முதுகைச் சொறிகிறார், சபையே சிரிக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா என் பக்கம் திரும்பாமலே, ‘மூச்சு விடக்கூடாது’ என்றாள். இடைவேளையில் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன், கால் தானாக மேடைக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே பொறுப்பாக இருந்த பெண், ‘யாருங்க நீங்க?’ என்றாள். ‘அதைப் பிறகு சொல்றேம்மா, ஏணி எங்கே?’ என்றேன். நடுவில் ஒரு பாதி முன்னாலும் ஒரு பாதி பின்னாலும் போக வேண்டும், அப்போதுதான் ஒன்றின்மேல் ஒன்று விழும். துவைத்து மாட்டியவர்கள் கொக்கியை மாற்றி மாட்டிவிட்டார்கள், இரண்டும் ஒரே தடத்தில் ஆட்டுக்கடா மாதிரி மோதுகின்றன. ஏறி நாலு கொக்கியைக் கழற்றி மாட்டினேன், சக்கரத்தில் குளியலறைச் சோப்பைத் தேய்த்தேன். முழங்கால் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அந்தப் பெண் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, ‘ஐயா, விழுந்து கிழுந்து வைக்காதீங்க, செத்த தாத்தா ஒருத்தர் போதும் எங்களுக்கு’ என்கிறாள்.

கையெல்லாம் கறுப்பு. தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு மிச்ச நாடகம் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை, தோற்றுவிட்டோம், உன்னைப் பார்க்கிற வாய்ப்பை நாமே கெடுத்துவிட்டோம் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் திரை தண்ணீர் மாதிரி வந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது, சபை கைதட்டியது. நாடகத்துக்குத்தான் தட்டினார்கள், ஆனால் மூன்று தட்டு எனக்கு என்று வைத்துக்கொண்டேன். உன் அம்மா தட்டவில்லை. ‘கையைக் காட்டுங்க’ என்றாள். காட்டினேன். ‘கடை கார்டு குடுத்தீங்களா?’ என்றாள். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன், கார்டெல்லாம் ரப்பர் போட்டபடியே இருந்தது. கடை பேரைக்கூடச் சொல்லவில்லை, நினைவே வரவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு திரையைத் தொட்டுவிட்டுக் கார்டு கொடுக்காமல் வந்தது அதுதான் முதல் தடவை, நானே அசந்துபோனேன். ‘அப்ப அது வியாபாரம் இல்ல, பைத்தியம். பைத்தியத்துக்கு நான் தடை போடலை’ என்று சொல்லித் தன் கைக்குட்டையால் என் விரல்களைத் துடைத்தாள். நாலாம் நாள் பூங்காவில் பாண்டு வாத்தியம் கேட்டுக்கொண்டே ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அவள் இன்னொன்றும் சாப்பிட்டாள், அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

திரும்பி வந்து பார்த்தால் கடை எந்தக் குறையும் இல்லாமல் நடந்திருக்கிறது. இரண்டு வருஷமாக என்னால் தள்ள முடியாத அந்தக் கடுகு நிற வெல்வெட்டைச் சித்தப்பா ஒரே ஆளுக்கு மொத்தமாக விற்றிருக்கிறான். மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷத்தோடு கொஞ்சம் வலிக்கவும் செய்தது. ஆனால் இனி எனக்குச் சாக்கு இல்லை. நேற்று இரண்டு பேரும் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டோம், என் முகம் களவாணி மாதிரி விழுந்திருக்கிறது, உன் அம்மா நன்றாக இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று என்னைப் போல இருக்காதே, உன் ஊரிலும் ஆறு இருக்கிறதா என்று பார்த்து வை. நீ தொட்டதெல்லாம் மடிப்புக் கலையாமல் நேராக விழட்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறந்துவிடாதே, போன மாதம் புது வீட்டை வீடியோவில் காட்டியபோது ஜன்னலில் படுக்கை விரிப்பைக் குத்தி வைத்திருந்தாய், திரைக்கடைக்காரன் மகள் வீட்டில்! நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் அகலமும், கம்பியிலிருந்து தரை வரை உயரமும் எடுத்து அனுப்பு, உயரத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் எடு, தரை எந்த ஊரிலும் சமமாக இருக்காது. ஆனால் அங்கே கடையில் ஏதும் வாங்கி மாட்டிவிடாதே. ஏணி மட்டும் இரவல் வாங்கி வை, மாட்டுவதற்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பந்தயத்தில் ஜெயித்த
உன் அப்பா