ஆடிக்கு முன் ஒரு வார்த்தை

13 ஜூலை 1964, திங்கள்
பம்பாயில் விடாத மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். வியாழன் காலை லா காலேஜ் இண்டர்வியூ. கொண்டுபோக வேண்டியவை: பி.ஏ. சர்டிபிகேட் (தேர்ட் கிளாஸ்), இண்டர் மார்க் ஷீட் மூன்று. இரண்டு ஃபெயில், ஒன்று பாஸ். ஃபெயில் இரண்டையும் அடியில் வைத்தேன்.

அம்மா மறுபடி ஆரம்பித்தாள். "வியாழக்கிழமை ஆடி பொறக்கறது. அதுக்குள்ள கீழாத்துல லலிதாவைப் பத்தி ஒரு வார்த்தை போட்டு வெக்கட்டுமாடா?"

வேண்டாம் என்றேன். இண்டரில் இரண்டு தரம் கோட் அடித்தவன் என்று அவள் அப்பாவுக்குத் தெரியும். சீட் கிடைக்கட்டும். ஆவணி பிறந்ததும் தலை நிமிர்ந்து போய்க் கேட்கலாம். ஆடியில் யார் கல்யாணம் பேசப்போகிறார்கள்?

15, புதன்
நாளைக்கு லீவு கேட்டதற்கு ஹெட் கிளார்க் முறைத்தார். சாயங்காலம் லலிதா வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பு. அம்பர்நாத் உறவுக்காரர்களாக இருக்கும். சட்டைக்கு இஸ்திரி.

16, வியாழன்
பிரின்சிபால்: இரண்டு முறை ஃபெயில், ஏன்? "படிக்கவில்லை சார்." பொய் சொல்லத் தெரியாதவன் வக்கீலாகி என்ன செய்யப்போகிறாய் என்று சிரித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். சீட்!!

அரை கிலோ பேடா வாங்கிக்கொண்டு நேரே கீழ் வீட்டுக்குத்தான் போனேன். லலிதாவின் அப்பா கட்டிக்கொண்டார்.

"பேஷ்டா ரமணி! ஒனக்கும் ஸ்வீட் இருக்கு. ஆடி வந்துடறதேன்னு நேத்தி அவசர அவசரமா லலிதாவுக்குத் தட்டு மாத்திண்டுட்டோம். பையன் பாங்க்ல இருக்கான். ஒங்காத்துக்குக்கூட சொல்ல முடியலை."

கையில் லட்டு வைத்தார். தின்றேன். என்ன ருசி என்று தெரியவில்லை.

17, வெள்ளி
ஆபீஸ். டைப் அடித்த லெட்டர் எல்லாம் தப்பு. அம்மா தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

19, ஞாயிறு
மழை இல்லை. மாடிப்படியில் லலிதா. கையில் மாட்டுங்கா மார்க்கெட் பை. கண் வீங்கியிருந்தது.

"சீட் கெடச்சுடுத்தாமே."

"ஆமாம். கெடச்சப்புறம் வந்து கேக்கலாம்னு..."

"ரெண்டு வருஷமா அப்பா கொண்டுவந்த ஜாதகத்தையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிண்டே இருந்தேன். நான் என்ன ஒங்க மார்க்கையா கேட்டேன்?"

அவள் கீழே இறங்கிப் போய்விட்டாள். படியிலேயே உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன.

நாளை ஏழரைக்கு முதல் கிளாஸ்.