திருப்பித் தட்டாத கைகள்

செப்டம்பர் 3, சிருண்டு

வந்து சேர்ந்தேன். எல்லை தாண்டக் காத்திருக்கும் லாரிகளுக்கு நடுவே ஒரு யானை, ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒருத்தர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார், அவ்வளவுதான். இத்தனை வருஷம் லீட்ஸில் பஸ் ஓட்டி மரத்துப்போன எனக்குச் சிரிப்புப் பொங்கியது. என் ஊரடா இது!

சிரிப்பெல்லாம் வாசல் வரைதான். அண்ணன் செஞ்சராய் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் முறைப்படி மண்டியிட்டு, கையைக் குவித்துத் தட்டினேன். வந்தவள் தட்டினால் வீட்டுக்காரன் திருப்பித் தட்ட வேண்டும். ஜென்ம விரோதிகூடத் தட்டுவான். இவன் திரும்பவே இல்லை. மறுபடி தட்டினேன். ம்ஹூம்.

அண்ணி மாயிதெய் ஓடிவந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தான். கட்டிப்பிடித்தான், என்னைப் பேசவே விடாமல் பேசினான். எனக்கு மனசு ஒட்டவில்லை. போன வருஷத்திலிருந்து என் போனையும் எடுப்பதில்லை. எப்போதும் அண்ணிதான் எடுப்பாள்: காட்டுக்குப் போயிருக்கிறார். அப்படி என்ன கோபம் என் மேல்?

செப்டம்பர் 5, முகாம்

அண்ணன் ஆற்றங்கரை முகாமுக்குக் கூட்டி வந்தான். சுற்றுலாக்காரர்களைத் துப்பாக்கியோடு காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போவதுதான் அவன் வேலை. முதலாளி காம்பிராய், இவனைக் கேட்டே வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று பெருமைப்பட்டார்.

கரைப் பொந்துகளில் சிவப்புப் பஞ்சுருட்டான் குருவிகள். நீர்யானைகள் தலையை மட்டும் நீட்டி முறைத்தன. ஒரு கிழட்டு ஆண் யானை பின்னங்காலில் எழுந்து நின்று, உச்சிக் கிளையை வளைத்துக் காய் பறித்தது! நான் வாயைப் பிளந்தேன். "யானைக் குலத்தாளே, உன் சித்தப்பா சாப்பிடுறாரு. கும்பிட்டுக்கோ" என்றான் அண்ணன். எங்கள் குலக்குறி யானை. அதன் இறைச்சியை நாங்கள் தொடுவதில்லை. விழுந்து விழுந்து சிரித்தோம்.

கோபமென்றால் இப்படிச் சிரிப்பானா?

செப்டம்பர் 7



காலையில் நானும் அவனும் மட்டும் நடந்தோம். அவன் முன்னால், நான் பின்னால். வலப்பக்கப் புதரில் கிளை முறிந்தது. நின்றேன். அடிவயிற்றில் உறுமுகிற சத்தம், யானை. அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவன் நேராகப் புதரை நோக்கியே நடந்தான். குட்டி ஒன்று கத்தியது. நடக்கிறான். தாய் பிளிறியது — காடே அதிர்ந்தது, மரத்திலிருந்த கொக்குகள் எல்லாம் பறந்தன — நடக்கிறான்!

சட்டையைப் பிடித்து இழுத்தேன். கோபமாகத் திரும்பியவன், என் முகத்தைப் பார்த்தான், பிறகுதான் யானையைப் பார்த்தான். அதற்கப்புறம் பழைய செஞ்சராய். என்னைப் பின்னால் தள்ளி, கையை விரித்து, அதட்டினான். அது தூசியைக் கிளப்பி நின்று, தலையை ஆட்டி, குட்டியோடு திரும்பிவிட்டது. என் உயிர் என்னிடம் இல்லை.

திரும்பி வரும்போது அவன் முதுகைப் பார்த்து மெல்லக் கேட்டேன்: "அண்ணா, உனக்குக் காது கேக்கலையா?"

நடந்துகொண்டே இருந்தான்.

அதே நாள், சாயங்காலம்

முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். போன வருஷக் காய்ச்சல், ஊசிகள், அதற்குப் பிறகு இப்படி. உதட்டைப் பார்த்தே சமாளிக்கிறானாம். அண்ணிக்கு முதலிலிருந்தே தெரியும். போனில் கேட்டதற்கு, கட்டிக்கொண்டவளே போயா ஊருக்குச் சொல்வாள் என்று என் மேலேயே பாய்ந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் நடக்க வருகிறது. சின்னப் பெண் ஒருத்தியும் உண்டாம்.

"மழை வந்தா முகாமை மூடிருவாங்க. அதுவரைக்கும் வாயை மூடிட்டு இரு, ரூவிம்போ" என்றான். "இந்த வேலையும் போச்சுன்னா நான் யாரு?"

அந்தச் சின்னப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

செப்டம்பர் 9

சொல்லிவிட்டேன்.

காம்பிராய் நம்பவில்லை. லீட்ஸ் காற்று உனக்கு மூளையைக் குழப்பிவிட்டது என்றார். எழுந்து சமையல்கூடத்துக்குப் போனார். அங்கே அண்ணன் குனிந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நின்று, பெரிய களிப் பானையைத் தூக்கி சிமெண்டுத் தரையில் போட்டார்.

எல்லாரும் துள்ளினோம். சமையல்காரர் கரண்டியைத் தவறவிட்டார். அண்ணன் மட்டும் அதே நிதானத்தில், அதே துணியால், துடைத்துக்கொண்டே இருந்தான்.

பிறகு தலையைத் தூக்கினான். எங்கள் முகங்களைப் பார்த்தான். ஒவ்வொன்றாக. கடைசியில் என் முகம். துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

ஐயோ, இப்படிச் செய்வாரென்று தெரிந்திருந்தால்... தெரிந்திருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன். பாவி நான்.

செப்டம்பர் 10, சிருண்டு

காலையில் எதிரே போய் நின்று கை தட்டினேன். பார்த்தான். நன்றாகவே பார்த்தான். கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டான்.

செப்டம்பர் 11

அண்ணன் சாப்பிடவில்லை. அண்ணி என் தட்டைத் தனியாக வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

சாயங்காலம் அண்ணிதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்றைக்கு வேறொரு வழிகாட்டி அந்தக் குடும்பத்தை நடத்திப் போனானாம். அதே பாதை, அதே புதர். உறுமலைக் கேட்டதும் எல்லாரையும் சத்தமில்லாமல் சுற்றிக் கூட்டிப் போய்விட்டான். தாயும் குட்டியும் உள்ளேதான் இருந்தனவாம். காம்பிராய் வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாராம். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டானாம், அந்தச் சின்னப் பெண் எத்தனாவது ஆளாக நடந்தாள் என்று. வழிகாட்டிக்கு அடுத்து என்றதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 14, ஹராரே பஸ்

எழுத்து ஆடுகிறது.

அவன் வழியனுப்ப வரவில்லை. வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன், வீம்புதான். நிறுத்தத்தில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தம். தட்டையான கைகள், ஆண்பிள்ளைத் தட்டு, நிதானமாக. பெரியவன் முதலில் தட்டுவது எங்களில் வழக்கமே இல்லை. வெடுக்கென்று திரும்பினேன்.

அண்ணன் கண் சிவந்து நின்றான். நான் அங்கேயே மண்ணில் மண்டியிட்டுத் தட்டினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்காவது கேக்குதே" என்றான்.