அறுபத்தொரு தவணை

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். உடம்பைத்தான் சொன்னேன், மனசைக் கேட்காதே. திங்கட்கிழமையிலிருந்து எனக்குத் தலை சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக் கடனுக்காக வங்கியிலிருந்து வருடா வருடம் கெட்டித் தாளில் ஒரு கடிதம் வருமே, அதை நான் என்றைக்குப் படித்தேன்? தாள் விறைப்பாக இருக்கிறதே என்று காலர் வெட்ட அளவுத் தாளாக வைத்துக்கொள்வேன். திங்கட்கிழமை பள்ளிக்கூட வாத்தியாரின் சட்டைக்கு இந்த வருடத் தாளைத் துணிமேல் வைத்துக் குண்டூசி குத்தினால், கண்ணெதிரே 'மீதமுள்ள தவணைகள் 61' என்று நிற்கிறது. இருபத்து நான்குதானே இருக்க வேண்டும்? பன்னிரண்டு வருடக் கடன், நீ வெளிநாட்டு வேலைக்குப் போன வருடம் வாங்கியது, பத்து வருடம் கட்டியாயிற்று, ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஏதோ அச்சுப் பிழை என்று கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு அந்தத் தாளோடு வங்கிக்கு ஓடினேன்.

கடன் பிரிவில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், நல்ல பொறுமைசாலி. விலைவாசி கண்டபடி ஏறினால் மத்திய வங்கி வட்டியை ஏற்றுமாம். அப்போது ஜனங்கள் கடன் வாங்குவதும் செலவழிப்பதும் குறைந்து விலை அடங்குமாம். அது ஏற்றினால் நம் வங்கியும் ஏற்றும், நம்முடையது மாறும் வட்டியாம். ஏழில் இருந்தது பதினொன்றில் நிற்கிறது. நாம் கட்டுவதில் முதலில் வட்டியை எடுத்துக்கொண்டு மிச்சம்தான் அசலுக்குப் போகுமாம். தவணை ஏறவே இல்லையே என்று கேட்டேன். அதனால்தான் மாதங்கள் ஏறின என்றாள். டிவியில் கோட்டுப் போட்டவர்கள் கால் சதவீதம், அரை சதவீதம் என்று பேச ஆரம்பித்தாலே நான் மாற்றிவிடுவேன், நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று. நீ திரும்பி வரும் தேதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்னொன்றும் கேள். நீ வந்ததும் உனக்கென்று இருக்கட்டும் என்று தையல் காசில் நான் போட்டு வைத்திருக்கும் வைப்புக்கு அதே வங்கி ஆறு சதவீதம்தான் கொடுக்கிறது. ஜனங்கள் போடும் பணத்தை எடுத்துத்தான் கடன் கொடுக்கிறோம் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்கிறாள். நம் காசையே நமக்குப் பதினொன்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள், நான் அந்த மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஏழு வருடத்துக்கு முன் தவணையைக் கூட்டட்டுமா, மாதத்தை நீட்டட்டுமா என்று வங்கி கேட்டிருக்கிறது. நீட்டுங்கள் என்று உன் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தாளையும் அந்தப் பெண் எடுத்துக் காட்டினாள். சாயங்காலம் லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு கிரீஸ் கையோடு வந்த மனுஷனை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே, "அவ அப்பவே பாதிச் சம்பளத்தை அனுப்பிட்டிருந்தா. தவணை ஏறிடுச்சுன்னு தெரிஞ்சா மீதியையும் அனுப்பிடுவா. அதான் சொல்லலை" என்றார். எத்தனை மாதம் நீளும் என்று அவர் கேட்கவே இல்லையாம். உனக்குப் பாரம் கூடக் கூடாது என்று செய்த காரியம் உன்னை இன்னும் மூன்று வருடம் அங்கேயே கட்டிப்போடப் பார்த்திருக்கிறது. நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் நின்றேன், அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேள். வைப்பை எடுத்து அசலில் கட்டப் போகிறேன், அறுபத்தொன்று இருபத்தேழாகிவிடும் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டுக் காட்டினாள். உன் மாடி அறையை வாடகைக்கு விடுகிறோம், அதுவும் என் தையலும் தவணைக்குப் போதும். நீ கீழே என் பக்கத்தில் படுத்துக்கொள். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இந்த மாதம் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாயே, போடாதே. கடன் முடியட்டும் வருகிறேன் என்று இனிமேல் சொல்லாதே. உன்னைப் பெற்றது நாங்கள், கடனை அடைப்பதற்காகப் பெறவில்லை.

நீண்ட ஆயுளோடு, ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிரு கண்ணே. எவர் எந்தத் தாளை நீட்டினாலும் கடைசி வரி வரை படி, எங்களைப் போல் இருக்காதே. இதை அப்பாவிடம் படித்துக் காட்டி, நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். வாங்கவில்லை. "திட்டணும்னா நேர்ல வந்து திட்டச் சொல்லு" என்றார்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
அம்மா