பூ வைக்கிற தலை

பெங்களூர்
12.9.1999

அன்புள்ள புஷ்பாவுக்கு,

மனோகர் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் விவாகரத்துப் பத்திரம் அனுப்பியபோது நீ அதை நாலாகக் கிழித்து, அதே கவரில் போட்டுத் திருப்பி அனுப்பினாய். இது அந்த விஷயம் இல்லை.

போன மாதம் ஒர்க்ஷாப்பில் லேத்துப் பக்கத்தில் நின்றிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டேன். நெஞ்சுவலி. ரத்தக்குழாயில் அடைப்பாம். இப்போதைக்கு மாத்திரை, கொஞ்ச நாள் கழித்து ஆபரேஷன் என்கிறார் டாக்டர். எனக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை.

நம் ஏனோக் தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்து என்னோடுதான் வேலை பார்க்கிறான். நீ பூ வைப்பதையே விட்டுவிட்டாய் என்று அவன்தான் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பம் போய், குறி சொல்கிற காத்தவராயன் முன்னால் உட்கார்ந்தேன். நான் வாயே திறக்கவில்லை. "உன் பேரச் சொல்லிப் பூ வைக்கிற தல ஒண்ணு கீது. அது இப்ப வெறுந்தலையா கீது. அப்பறம் உன் உசுரு எப்பிடிய்யா நிக்கும்?" என்றார்.

கட்டின புருஷன் உயிரோடு இருக்கும்போது நீ இப்படிச் செய்யலாமா? பழசை மனதில் வைக்காதே. தினம் ஒரு முழம் பூ வைத்துக்கொள். உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

உன்
மனோகர்

---

நந்திதுர்க்
20.9.1999

அன்புள்ள மாமாவுக்கு,

புஷ்பவல்லியின் வணக்கம். உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு தரம் படித்தேன். இரண்டாவது தரம் படித்தது சந்தோஷத்துக்காக.

மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். கருவாடு, ஊறுகாய் பக்கம் போகாதீர்கள். இங்கே தங்க மைன்ஸை மூடப்போகிறார்கள் என்று தினம் ஒரு பேச்சு. பாதி ஊர் விடியற்காலையில் ரயிலுக்கு ஓடுகிறது. காற்றடித்தால், தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த சயனைடு மேட்டு மண் சோற்றில் விழுகிறது. மற்றபடி சுகம்.

ஏனோக் அண்ணன் சொன்னது நிஜம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கிருஷ்ணம்மா அக்காவின் பூக்கடையில் நான் பூக்கட்டுகிறேன். ஊரில் பாதிப் பெண்கள் வைத்துக்கொள்கிற பூ என் கை வழியாகத்தான் போகிறது. நான் வைப்பதில்லை. கை மட்டும் மணக்கும். அதையும் கடலைமாவு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சோற்றில் வைக்கிறேன்.

வைக்காமல் இருக்கலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். உங்களுக்கு நெஞ்சுவலி வந்திருக்கலாம், நெஞ்சழுத்தம் மட்டும் குறையவில்லை. நீங்களும் தினம் பெங்களூர் ரயிலில் போய்வந்த காலம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நீங்கள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தேன். தலை குளித்து மல்லியும் கனகாம்பரமும் வைத்திருந்தேன். ரயிலில் ஜன்னலோரம், இப்போது உங்களோடு இருக்கிற அந்த ஜூடித் உட்கார்ந்திருந்தாள். அவள் யார் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. கேரியரை வாங்கிக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "உன் தல நாத்தம் தாங்கல. தேரு மாதிரி ஜோடிச்சிகினு வந்துக்கிற. அந்தப் பொண்ணப் பாரு. பூ இல்ல, பொட்டு இல்ல, குளிச்சிட்டு வந்த கொழந்த மாதிரி கீது."

பிளாட்பாரமே சிரித்தது. அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் வீட்டுக்கே வரவில்லை.

உங்கள் உயிர் பூவில்தான் நிற்கிறது என்றால், அந்தக் குழந்தையின் தலையிலேயே ஒரு முழம் வைத்துவிடுங்களேன்.

இப்படிக்கு,
புஷ்பவல்லி

---

பெங்களூர்
3.10.1999

அன்புள்ள புஷ்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அன்றைக்கு ஏதோ வேடிக்கையாக வாயில் வந்துவிட்டது. அதைப்போய் இத்தனை வருஷம் மனதில் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை.

ஜூடித்தைக் கேட்காமல் இருப்பேனா? கேட்டேன். அவள் பிறந்து வளர்ந்த சபையில் பெண்கள் பூவும் வைக்கமாட்டார்கள், நகையும் போடமாட்டார்கள். நான் இன்னும் முறையாகக் கட்டவில்லை என்று சபை அவளை விலக்கி வைத்துவிட்டது. அப்படியும் அவள் பூவைத் தொடமாட்டேன் என்கிறாள். "ஒங்களுக்காக அம்மா அப்பாவ விட்டேன், சபைய விட்டேன். எங்கிட்ட மிச்சம் கீறது இது ஒண்ணுதான். இத கேக்காதீங்க" என்று அழுகிறாள். அவளிடம் எப்படி மல்லுக்கு நிற்பது?

அதுவும் இல்லாமல், அக்கினி சாட்சியாக நான் தாலி கட்டியது உன் கழுத்தில்தானே. காத்தவராயன் சொன்னதும் உன் தலையைத்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் சிட்டி மார்க்கெட்டில் நல்ல பூவாகப் பார்த்து வாங்கி ஏனோக்கிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ கையால் கட்டவும் வேண்டாம், கடையில் வாங்கவும் வேண்டாம். எடுத்துத் தலையில் வை, போதும். புண்ணியமாகப் போகும்.

உன்
மனோகர்

---

நந்திதுர்க்
8.11.1999

அன்புள்ள மாமாவுக்கு,

ஏனோக் அண்ணன் வாரம் தவறாமல் வாழையிலைப் பொட்டலத்தோடு வருகிறார். முதல் வாரம் மல்லி, பிறகு செவந்தி, போன வாரம் ரோஜா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அப்போது இவ்வளவு பூ நீங்கள் வாங்கித் தந்ததில்லை.

மல்லியைப் பக்கத்து வீட்டு வெங்கடம்மாவின் ஆட்டுக்கு வைத்தேன். ஆடு நன்றாக இருக்கிறது. செவந்தியைக் குழாயடியில் தண்ணீர் வராத குழாய்க்குச் சுற்றினேன். மறுநாளும் தண்ணீர் வரவில்லை. ரோஜாவை ஆடே வந்து கேட்டு வாங்கிக்கொண்டது.

மாமா, பிளாட்பாரத்தில் சிரித்ததற்காக நான் பூவை விட்டேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. நீங்கள் போன பிறகும் வைத்தேன். புருஷன் பெங்களூரில் வேலையாக இருக்கிறார், வந்துவிடுவார் என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டு வீம்புக்கு இரண்டு முழமாக வைத்தேன். அந்த வருஷம் வெங்கடம்மா வீட்டில் வரலட்சுமி பூஜை. வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மஞ்சள், குங்குமம், பூ வைத்த தட்டோடு வெங்கடம்மா ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்ததும் தட்டு நின்றுவிட்டது. அவள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்தாள். "குடுக்கலாமா, இன்னா?" என்று வெங்கடம்மா மெதுவாகத்தான் கேட்டாள். எல்லோருக்கும் கேட்டது.

செத்த வீடாக இருந்தால்கூட ஒரு முடிவு இருக்கும். உயிரோடு இருக்கிற ஆளுக்காக என்னைப் புருஷன் இருக்கிறவளா இல்லாதவளா என்று ஊர் யோசித்தது. என் தலையிலிருந்த பூவை நானே எடுத்து அந்தத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். இருக்கிற புருஷனுக்கு எடுத்தேன் மாமா, தெரிந்துதான் எடுத்தேன். உங்களுக்கு ஏதாவது ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எடுத்தேன். ஆகிவிட்டது என்று நீங்கள் எழுதியதைத்தான் இரண்டு தரம் படித்தேன்.

இனிமேல் பூ அனுப்ப வேண்டாம். ஆட்டுக்கு வயிறு ஊதுகிறது என்று வெங்கடம்மா சண்டைக்கு வருகிறாள்.

இப்படிக்கு,
புஷ்பவல்லி

---

பெங்களூர்
16.11.1999

புஷ்பா,

உன் கடிதத்தைப் படித்த அன்று மறுபடியும் வலி வந்தது. நீ இப்படிப்பட்டவள் இல்லை. எனக்கு ஜுரம் வந்தால் ராத்திரியெல்லாம் விழித்திருந்தவள் நீ.

டாக்டர் ஆபரேஷனுக்குப் பெயர் எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் நடுவில் கூப்பிடுவார்களாம். உன் தலை இப்படி இருக்கும்போது நான் அந்த மேஜையில் படுக்கமாட்டேன். படுத்தால் எழுந்திருக்கமாட்டேன், எனக்குத் தெரியும்.

நீ என்ன கேட்டாலும் செய்கிறேன். வந்து காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். கேள்.

மனோகர்

---

நந்திதுர்க்
25.11.1999

அன்புள்ள மாமாவுக்கு,

காலில் விழ வேண்டாம். குனிந்தால் மூச்சு வாங்கும்.

யோசித்துப் பார்த்தேன். கிருஷ்ணம்மா அக்காவிடமும் கேட்டேன். "இன்னாத்துக்கும்மா இன்னும் இழுத்துகினு கீற? கேட்டத குடுத்துட்டு வுடு" என்றாள். அவள் சொன்னது எனக்குப் பிடித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் என்ன கேட்டீர்களோ, அதையே இப்போது தருகிறேன். அன்றைக்குக் கிழித்தது என் வீம்பு. இரண்டு பேரும் சேர்ந்து விவாகரத்துக்கு மனுப் போடுவோம். இங்கே கோர்ட்டுக்குக் கூப்பிடுகிறபோதெல்லாம் மட்டும் நீங்கள் வந்து போக வேண்டும். ஜீவனாம்சம் எதுவும் எனக்கு வேண்டாம். நீங்கள் ஜூடித்தை முறையாகக் கட்டிக்கொள்ளலாம். அந்தப் பெண்ணும் எத்தனை நாள்தான் அழுவாள்.

ஜட்ஜ் தீர்ப்புச் சொல்லிவிட்டால், அன்றைக்கு மாலையிலிருந்து நான் தினமும் பூ வைக்கிறேன். ஒளித்துமறைத்து இல்லை. மார்க்கெட்டில் நாலு பேர் பார்க்க, தலை நிறைய வைக்கிறேன். ஏனோக் அண்ணனை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பூக்கட்டுகிற கை சொல்கிறது, மாறமாட்டேன்.

சம்மதமா?

இப்படிக்கு,
புஷ்பவல்லி

---

பெங்களூர்
8.7.2000

அன்புள்ள புஷ்பாவுக்கு,

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டிசம்பரில் மனுப் போட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்களே, அந்த ஆறு மாதத்தை மாத்திரையும் பயமுமாக எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை கோர்ட்டில் ஜட்ஜ் கேட்டதற்கெல்லாம் நீ "சம்மதம், சம்மதம்" என்று நிதானமாகச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

நேற்று ஏனோக் வந்ததும் வராததுமாக, "பார்த்தேம்பா. மார்க்கெட்டு நடுவுல நின்னுகினு கீது. ரெண்டு முழம் மல்லி, நடுவுல கனகாம்பரம். கல்யாணப் பொண்ணு மாதிரி கீது" என்றான். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டாய். நேற்று ராத்திரிதான் பல மாதம் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

வருகிற பதினேழாம் தேதி திங்கட்கிழமை ஆபரேஷன். சனிக்கிழமையே போய்ப் படுக்கச் சொல்லிவிட்டார்கள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஜூடித்தைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப்போகிறேன். சந்தோஷமாக இருக்கிறாள். உன்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுகிறாள்.

திங்கட்கிழமை மட்டும் காலையிலேயே பூ வைத்துக்கொள். தைரியமாகப் போய்ப் படுப்பேன்.

என்றும் நன்றியுள்ள
மனோகர்

---

நந்திதுர்க்
14.7.2000

திரு. மனோகர் அவர்களுக்கு,

நாளைக் காலை ரயிலில் ஏனோக் அண்ணன் இதைக் கொண்டுவருகிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் படியுங்கள்.

ஏனோக் அண்ணன் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் வைத்திருக்கிறேன். தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டிலிருந்து நேராகக் கடைக்குப் போய், எனக்கு ரெண்டு முழம் வேண்டும் என்றேன். கிருஷ்ணம்மா அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னாம்மா, கோர்ட்டுல மனசு மாறி புருசன் வந்துட்டானா?" என்றாள். "இல்லக்கா, போய்ட்டான்" என்றேன். கத்தரிக்கோலை மறுபடியும் எடுத்தாள். பிறகு அளக்காமலே வெட்டி, அவளே என் தலையில் வைத்துவிட்டாள்.

நீங்கள் படித்தவர், மெஷின் கணக்கெல்லாம் பார்க்கிறவர். ஒரு விஷயத்தை மட்டும் யோசிக்கவில்லை. காத்தவராயன் சொன்னது என் தலையை அல்ல, உங்கள் பெண்டாட்டியின் தலையை. அன்றைக்கு அந்த இரண்டும் ஒரே தலையாக இருந்தது. கோர்ட்டில் மூன்று தரம் கையெழுத்துப் போட்டு நீங்களே பிரித்துவிட்டீர்கள். வியாழக்கிழமையிலிருந்து நான் யாருடைய பெண்டாட்டியும் இல்லை. என் தலையில் இருக்கிற பூ என் பேரில் இருக்கிறது. அது என் உயிரைத்தான் பார்த்துக்கொள்ளும்.

கோர்ட் காகிதம் என்ன செய்யும், அக்கினி சாட்சியாகக் கட்டிய தாலி கழுத்தில் இருக்கிறதே என்று உங்கள் மனம் தேடும். அது இந்தக் கவரில்தான் இருக்கிறது. அடியில் கைவிட்டுப் பாருங்கள்.

பயமாக இருக்கிறதா? நன்றாக இருக்கட்டும். வெங்கடம்மாவின் தட்டு என் முன்னால் நின்றபோது எனக்கும் நெஞ்சு அப்படித்தான் அடித்துக்கொண்டது. அதற்கு மாத்திரை கிடையாது.

ஜூடித்தைப் பூ வை என்று போட்டு வதைக்காதீர்கள். அவள் எனக்கு எந்த வாக்கும் கொடுத்தவள் இல்லை. எல்லாவற்றையும் உங்களுக்காக விட்டவளிடம் அந்த ஒன்றையும் பிடுங்கினால், அவளும் ஒருநாள் என்னைப்போல உட்கார்ந்து கடிதம் எழுதுவாள்.

டாக்டர் கெட்டிக்காரர் என்று ஏனோக் அண்ணன் சொல்கிறார். அவரை நம்பிப் படுங்கள். திங்கட்கிழமை ராபர்ட்சன்பேட்டையில் இரண்டு கல்யாணம், கடையில் தலைக்குமேல் வேலை இருக்கிறது. உங்களை நினைத்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இருக்காது.

நல்லபடியாக எழுந்தாலும் எனக்குத் தகவல் சொல்ல வேண்டாம். எழாவிட்டாலும் சொல்ல வேண்டாம். எதற்காகவும் நான் இந்தப் பூவை எடுக்கப்போவதில்லை.

புஷ்பவல்லி