பச்சைப் பகடை

அன்பு மருமகள் சங்கரேஸ்வரிக்கு,

யாரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று குற்றாலநாதர் சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன்.

ஞாயிறுதோறும் நான் கதை சொல்ல, நீங்களெல்லாம் கதையின் வீரர்களாகப் பகடை உருட்டும் ஆட்டத்திலிருந்து நீ எழுந்து போனாயே, அன்று முதல் ஐந்தருவி மேல்நோக்கிப் பாய்கிறது. கதையில் வரும் அரக்கன், "சங்கரி வெட்டினாத்தான் சாவேன்" என்று உண்ணாவிரதம் இருக்கிறான். ஒரு கிழட்டுக் குரங்கு உன்னைத் தேடித் தென்காசிக்குப் பஸ் ஏறி, உன் வாசல்வரை வந்து, கதவைத் தட்டத் தைரியம் இல்லாமல் திரும்பியது.

"கையில எதையாவது உருட்டிக்கிட்டே இருந்தாத்தான் மாமா, நீங்க சொல்லுதது என் மண்டையில நிக்குது" என்று என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாய். நான் அதை எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்டி, உன் கையிலிருந்த பச்சைப் பகடையைப் பிடுங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரிக்க முயன்றதைப் பார்த்தேன்.

நேற்று ஆட்டத்தின் நடுவே, உன்னோடு பகடை உருட்டும் யாசர், "அவ இடத்துல வேற ஆளச் சேப்பமா அண்ணாச்சி?" என்றான். அதற்குமேல் எனக்குக் கதை வரவில்லை.

வா, உருட்டிக்கொண்டே கேள்.

அருவியும் அரக்கனும் புளுகு. குரங்கு மட்டும் நிஜம். பகடை இன்னும் அதன் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

உன்
மாமா